தங்கத்தின் மேல் ஓர் ஊர்

ருமேனியாவின் மேற்குப் பகுதியில், அபுசெனி மலைகளுக்கு நடுவே இருக்கிறது ரோஷியா மொன்டானா. 16 சிற்றூர்கள் சேர்ந்த ஊராட்சி. அங்கிருந்து இறங்கும் ஓடை அப்ருட் ஆற்றில் கலக்கிறது. அப்ருட் போய் அரியேஷில் சேர்கிறது. ஓடைத் தண்ணீர் செம்மை படர்ந்து ஓடுகிறது. பழைய சுரங்கங்களிலிருந்து கசியும் அமிலமும் இரும்பும்தான் காரணம்.

இந்த ஊரின் கதையே தங்கம்தான். கி.பி. 106-இல் பேரரசர் டிராஜன் இப்பகுதி அடங்கிய டாசியாவை வென்றதும் ரோமானியர் இந்த மலையைக் குடைந்தார்கள். அவர்கள் வெட்டிய சுரங்கப்பாதைகள் சுமார் 7 கி.மீ. நீளத்துக்கு இன்றும் இருக்கின்றன. வேலை ஒப்பந்தம், கடன், அடிமை விற்பனை என அன்றாட வாழ்வைப் பதிந்த மெழுகுப் பலகைகளும் இங்கே கிடைத்தன. பின்னாளில் வந்தவர்கள் தாது இடிக்கும் பொறிகளை நீர்விசையால் ஓட்ட மலைமேல் ஏரிகள் அமைத்தார்கள்.

2006-இல் இங்கு இயங்கிய அரசுச் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்பு போயிற்று.

அதற்கு முன்பே கனடா நாட்டு நிறுவனம் ஒன்றின் திட்டம் ஊருக்குள் வந்திருந்தது. நான்கு குன்றுகளை வெட்டியெடுத்து, சயனைடு கொண்டு தங்கம் பிரித்து, கழிவைப் பக்கத்துக் கோர்னா பள்ளத்தாக்கில் அணைகட்டித் தேக்குவது. வேலை கிடைக்கும் என்று நம்பியவர்கள் பலர்; வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. மறுத்தவர்கள் 2000-இல் சங்கம் தொடங்கினார்கள். ஊரின் ரோமானியப் பெயரான ஆல்பர்னஸ் மையோர் என்பதையே அதற்கு வைத்தார்கள்.

அவர்கள் அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. அதே ஆண்டு ஜனவரி 30 அன்று வடக்கே பையா மாரேயில் கழிவு அணை உடைந்து, சயனைடு கலந்த சுமார் 1 லட்சம் கன மீட்டர் நீர் திசா ஆற்றிலும் பாய்ந்தது. திசா ஓடும் ஹங்கேரியில் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பக்கத்து ஜமானா கிராமமோ 1970-களின் இறுதியிலிருந்து செப்புச் சுரங்கக் கழிவில் மூழ்கிக்கொண்டிருக்கிறது.

2013-இல் திட்டத்துக்கு வழிவிடும் மசோதாவை அரசு கொண்டுவந்தபோது, புக்கரெஸ்ட், க்ளூஜ் நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. 2021-இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து, அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. திட்டம் நின்றுபோனதற்காக அந்தக் கனடா நிறுவனம் ருமேனியாவிடம் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கைப் பன்னாட்டு நடுவர் மன்றம் 2024 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

குன்றுகள் பிழைத்தன. ஆனால் அவற்றைக் காத்த மக்களுக்கு இன்னும் நிலையான வேலை வேண்டும்; செந்நிற ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த இரண்டும் ருமேனிய அரசின் கடமை.