கொல்லிப்பாவையும் கோலெமும்: ஓர் உவமை விளக்கம்

பாகான் டாலாமில் என்னிடம் படிக்கும் படிவம் நான்கு மாணவன் ஒருவன் சனிக்கிழமைதோறும் கூட்டாளிகளோடு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுவான். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். அதில் கோலெம் என்று ஒன்று வரும். மந்திரத்தால் இயங்கும் கல், களிமண், இரும்பு உருவம். மூலம் யூதர்களின் பழங்கதை.

"சார், கல் கோலெமுக்கு விஷம் ஏறாது, பயம் வராது. மந்திரம் போட்டாலும் அதோட உருவத்த மாத்த முடியாது" என்றான்.

"நம்மகிட்டயும் ஒன்னு இருக்குடா" என்றேன்.

கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்த பாவையைத் தெய்வம் எழுதியது என்கிறது குறுந்தொகை 89. பூதம் செய்தது என்கிறது நற்றிணை 192. அதன் பாதிப்பின்மையைப் பட்டியல் போட்டவர் பரணர், நற்றிணை 201இல். காற்று மோதினாலும், மழை வேகமாக அடித்தாலும், இடி சினந்து விழுந்தாலும், வேறு பல ஊறுகள் வந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகிய உருவம் மாறாது. நான்காவதைக் கவனியுங்கள். விட்டுப்போனதையெல்லாம் அள்ளிப் போடும் விதி அது! ஐந்தும் '-இனும்' என்றே முடிகின்றன. வீசினும், பெய்யினும் என்பதுபோல, 'ஆனாலும்' என்ற பொருள்.

தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான். பாவை என்றதும் "தலைவி பாவைபோல் அழகானவள்" என்று எழுதிவிடுகிறார்கள். அழகு பாட்டில் இருக்கிறது, ஆனால் உவமையின் பொதுத்தன்மை அதுவல்ல, மாறாமை. பாவை உருமாறாது, தலைவி தலைவன் நெஞ்சைவிட்டு நீங்கமாட்டாள்.

துறையையும் விட்டுவிடக் கூடாது. இது தன்னை இடித்துரைத்த பாங்கனுக்குத் தலைவன் சொன்ன பதில். அப்படியென்றால் பாட்டில் சொல்லாத ஆறாவது தாக்குதல் ஒன்று உண்டு: பாங்கனுடைய பேச்சு. காற்றுக்கும் இடிக்கும் அசையாததைச் சொல்லி, "நீ சொல்லியா அவள் போகப்போகிறாள்?" என்று கேட்காமல் கேட்கிறான். இதை எழுதும் மாணவர் பாட்டைப் புரிந்துகொண்டவர்.

வகுப்பில் ஒரு பயிற்சி: பாவைக்கு ஒரு விளையாட்டு அட்டை தயாரிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் ஐந்து தாக்குதல், வலப்பக்கம் விளைவு; ஆறாவது வரிசையை மட்டும் காலியாக விடுங்கள். என் மாணவன் அதில் "ஃபிரண்டோட அட்வைஸ்" என்று எழுதினான். "பாங்கன் கழறல்" என்று திருத்திவிட்டு முழு மதிப்பெண் போட்டேன்.