புட்டியின் மேல் ஓர் எண்

சில காலமாக நம் குடியிருப்புகளில் மாலை வேளைகளில் பழச்சாற்றுப் புட்டிகளும் மாத்திரை டப்பிகளும் வீடு தேடி வருகின்றன. கொண்டு வருபவர் அந்நியரல்லர். பெரும்பாலும் அறிந்த குடும்பத்தவரே. “இதன் ஓராக் மதிப்பு இத்தனை ஆயிரம்” என்று அவர் கூறும்பொழுது மறுத்துப் பேச நமக்குத் தயக்கமாயிருக்கிறது. அந்த எண் பிறந்த கதையை அறிந்தால் தயக்கம் சற்றுக் குறையக்கூடும்.

உணவிலிருந்து சக்தி உண்டாகும்பொழுது நம் உடலில் ஃப்ரீ ராடிகல் எனப்படும் நிலைகொள்ளாத துகள்கள் தோன்றுகின்றன. அவை அளவு மீறினால் உயிரணுக்களுக்குக் கேடு விளையும். அவற்றைத் தணிக்கும் பொருள்களுக்கே ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பெயர். அவ்வாற்றலை அளக்க 1990-களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட முறைதான் ஓராக். ஒளிரும் சாயம் ஒன்றைச் சோதனைக் குழாயிலிட்டு, அதனைச் சிதைக்கும் இரசாயனத்தையும், சோதிக்க வேண்டிய பொருளின் சாற்றையும் சேர்ப்பார்கள். சாயத்தின் ஒளி எவ்வளவுக்கெவ்வளவு மங்காமல் நிற்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு மதிப்பு உயரும்.

சோதனையில் குற்றமில்லை. ஆனால் சோதனைக் குழாயில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. பழங்களிலுள்ள பாலிஃபினால்களில் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது; அதுவும் பெரும்பாலும் உருமாறியே சேர்கிறது.

எடையின் விஷயம் இன்னும் வேடிக்கையானது. அமெரிக்க விவசாய இலாகா 2007-இல் வெளியிட்ட பட்டியலில் 100 கிராம் கிராம்புப் பொடிக்கு 3 லட்சத்துக்கு மேற்பட்ட மதிப்பு. அதே எடையுள்ள ஆப்பிளுக்குச் சுமார் 3,000 தான். நீர் வற்றிய பொருளாகையால் கிராம்பின் எண் ஏறி நிற்கிறது. ஆப்பிளை முழுதாக உண்பவர் உண்டு. 100 கிராம் கிராம்பை உண்பவர் யார்? எடையைச் சொல்லாமல் கட்டணத்தை மட்டும் சொன்னால் எங்கள் பார்சல் ஆபீசில் எவரும் ஒப்பமாட்டார். புட்டிக்காரரிடம் மட்டும், ‘நாளொன்றுக்கு அருந்தும் 30 மில்லி லிட்டருக்கு எவ்வளவு?’ என்று நாம் கேட்பதில்லை.

அப்பட்டியலை அவ்விலாகாவே 2012-இல் விலக்கிக்கொண்டது. வியாபாரிகள் அதனைத் தவறாகப் பயன்படுத்தினர் என்பதும், சோதனைக் குழாயின் கணக்கு மனித உடலுக்குப் பொருந்தாது என்பதும் அது கூறிய காரணங்கள். பட்டியல் போயிற்று, எண் விளம்பரங்களில் தங்கிவிட்டது.

பணம்தானே நஷ்டம் என்று விட்டுவிடுவதற்கில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டீன் மாத்திரை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவிகிதம் அதிகமாயிற்று. அமெரிக்காவில் நடந்த இத்தகைய மற்றோர் ஆராய்ச்சி, தீங்கு தென்பட்டதால் 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. காரட்டைக் கறி சமைத்து உண்பவருக்கு இவ்வச்சம் வேண்டாம்; செறிந்த மாத்திரையைப் பற்றியதே இது. புகைபிடிப்பவரும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரும் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

‘ஹெல்த் டிரிங்க்’ என்ற சொல்லுக்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இலக்கணமே இல்லை. ஆகவே பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை அத்தலைப்பின்கீழ் விற்கலாகாதென்று இணைய வர்த்தகர்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. புட்டியில் எவ்வளவு சர்க்கரை என்பதோ பின்புறத்தில் அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்க மட்டும் நம்மில் சிலருக்கு மூக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும்.