மறுகால் அடைச்ச குளமா உங்க கண்ணு?

மக்கா, இந்த சீன் உங்களுக்கும் பழக்கமானதுதானே?

சென்னையில செமஸ்டர் முடிஞ்சு, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஏறியாச்சு. விழுப்புரம் வரைக்கும் அரட்டை, பரோட்டா பார்சல். அப்புறம் கண்ணு சொருகுது. உள்ளே கான்டாக்ட் லென்ஸ் இருக்கு! இறங்கிப் போய், ஆடுற வாஷ்பேசின்ல நின்னு யாரு கழட்டுவா? 'ஒரு ராத்திரிதானே'னு படுத்தாச்சு. வள்ளியூர் தாண்டி முழிச்சா, லென்ஸ் பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கு. நாகர்கோவில் ஸ்டேஷன்ல அப்பா, "என்னடே, கண்ணு இப்படிச் செவந்து கிடக்கு?"ங்கறார்.

நானும் இப்படி முழிச்சவன்தான். அன்னிக்கு விட்ட கண்ணீருக்குப் பிறகுதான், கண்ணீரைப் பத்தியே படிக்க ஆரம்பிச்சேன்.

கண்ணீர்னா அழும்போது வர்ற உப்புத் தண்ணி மட்டும் இல்லை. நீங்க சிரிச்சுட்டு இருக்கும்போதும் கருவிழி மேல ஒரு படலமா அது பரவி இருக்கு. தடிமன் வெறும் 3 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமா வெட்டினா அதுல மூணு துண்டு! இதுக்குள்ளயும் அடுக்கு இருக்கு. மேலே இமையோரச் சுரப்பிகள் தர்ற எண்ணெய்; தண்ணி ஆவியாகாம அதுதான் மூடி வைக்குது. நடுவுல தண்ணி. அடியில கொழகொழப்பு, தண்ணி வழுக்கிப் போயிடாம கருவிழியோட பிடிச்சு வைக்கிறது அதோட வேலை. கண்ணீர்ல லைசோசைம்னு கிருமியைக் கொல்ற சரக்கும் உண்டு. பெனிசிலினுக்கு முன்னாடியே, 1921-ல இதைக் கண்டுபிடிச்சவர் அதே அலெக்ஸாண்டர் ஃபிளெமிங்தான்.

நம்ம ஊர் குளத்தை நினைச்சுக்கோங்க. ஒரு பக்கம் தண்ணி வரணும், மறுபக்கம் மறுகால் பாயணும். கண்ணும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் பழைய கண்ணீர் மூக்கோரத்துல இருக்கிற துளை வழியா வடியுது, புதுசு பரவுது. நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை!

இப்போ அந்த 3 மைக்ரான் படலத்துக்கு நடுவுல, அதைப் போல இருபது முப்பது மடங்கு தடிமனான லென்ஸைச் சொருகினா? படலம் ரெண்டாப் பிரியுது. லென்ஸுக்கு மேலே ஒண்ணு, அடியில ஒண்ணு. மேலே இருக்கிறதுல எண்ணெய் சரியாப் பரவாது, சீக்கிரம் காயும். ஆடி மாசம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் லென்ஸ் போட்டு பைக் ஓட்டினவங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்! அடியில இருக்கிறது, பகல்ல இமைக்க இமைக்கக் கொஞ்சம் கொஞ்சமாவது மாறிக்கிட்டு இருக்கும்.

தூங்கிட்டா இமைப்பு கிடையாது. கண்ணீர் சுரப்பும் ரொம்பக் குறைஞ்சு போகுது. குளத்துக்கு வரத்தும் இல்லை, மறுகாலும் இல்லை! அதனாலதான் தூங்கும்போது கண்ணு, வெள்ளை அணுக்களைக் காவலுக்கு இறக்கிவிடுது. காலையில இமைச்சதும் அந்தக் கசடெல்லாம் ஒதுங்கிடும். பீளைனு துடைச்சுப் போடுறோமே, அதுல இதுவும் சேர்த்தி. லென்ஸ் இருந்தா கசடு அடியிலயே சிக்கிக்கும். லென்ஸ்ல ஒட்டியிருக்கிற கிருமிக்கு ராத்திரி முழுக்க கருவிழியோட நேரடி சகவாசம்.

"நம்மளுது மூச்சு விடுற லென்ஸ் மச்சி"னு ஒருத்தன் கண்டிப்பா சொல்லுவான். கதை சுவாரஸ்யமானது. கருவிழியில ரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜன் காத்துலேர்ந்து கண்ணீர் வழியாத்தான் வரணும். முழிச்சிருக்கும்போது 21 சதவிகிதம் கிடைக்குது. கண்ணை மூடினா இமையோட உள்பக்கத்திலேர்ந்து சுமார் 8 சதவிகிதம்தான். லென்ஸே இல்லாட்டியும் தூக்கத்துல கருவிழி 3, 4 சதவிகிதம் வீங்கும். பழைய வகை லென்ஸோட தூங்கினா 10-ஐயும் தாண்டும். இதைச் சரிபண்ணத்தான் 1999-ல, ஆக்சிஜனைத் தாராளமா விடுற சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ் வந்துச்சு. பிரச்னை முடிஞ்சதுனு எல்லாரும் நினைச்சாங்க.

முடியலை. 1989-ல அமெரிக்காவுல எடுத்த கணக்குப்படி, ராத்திரியும் போடுற சாஃப்ட் லென்ஸ்காரங்க 10,000 பேர்ல வருஷத்துக்கு சுமார் 21 பேருக்குக் கருவிழிப் புண். பகல்ல மட்டும் போட்டவங்கள்ல 4 பேர். புது லென்ஸ் வந்த பிறகு, 2008-ல வெளியான ஆஸ்திரேலியக் கணக்கு: சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லோட தூங்கினவங்கள்ல சுமார் 25 பேர். பகல் சாஃப்ட் லென்ஸ்காரங்க ரெண்டு பேர்கூட இல்லை! ஆக்சிஜன் வந்துச்சு மக்கா... மறுகால் திறக்கலையே.

(ராத்திரிக்குனே டாக்டர் அளவெடுத்துத் தர்ற ஆர்த்தோ-கே லென்ஸ் வேற ஜாதி. கடினமானது, தனிக் கண்காணிப்பு வேணும். அதுலயும் புண் வர்ற ஆபத்து உண்டு.)

சரி, போட்டுத் தூங்கியாச்சு. முழிச்சதும் பிய்க்காதீங்க. காய்ஞ்ச லென்ஸை இழுத்தா கருவிழியோட மேல்தோலும் கூட வரும். லென்ஸுக்கு ஏத்த ஈரப்பசை சொட்டு விட்டு, இமைச்சு இமைச்சு, லென்ஸ் நகர ஆரம்பிச்சதும் சுத்தமான, காய்ஞ்ச கையால எடுங்க. குழாய்த் தண்ணி கூடவே கூடாது. அதுல அகாந்தமீபானு ஒரு வில்லன் இருக்கலாம்.

எடுத்த பிறகும் வலி, செவப்பு, வெளிச்சம் பார்த்தா கூச்சம், கருவிழியில வெள்ளைப் புள்ளி... இதுல எது இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையோ, திருநெல்வேலி அரவிந்தோ, எது பக்கமோ அங்கே. லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாம கையோட கொண்டு போங்க. கிருமியைக் கண்டுபிடிக்க உதவும். மெடிக்கல் ஷாப் ஸ்டீராய்டு சொட்டு வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு. நம்ம பக்கத்துல கருவிழிப் புண்ணுன்னா பெரும்பாலும் வயக்காட்டு சமாச்சாரம். நெல்லுத் தாள் குத்தி, தூசி விழுந்து, பூஞ்சை பிடிக்கிறது. லென்ஸ் புண்ணுல முக்கிய எதிரி சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா; ரெண்டே நாள்ல கருவிழியைக் கரைச்சிடக் கூடியது. ரெண்டுக்கும் மருந்து வேற வேற. அதனால பக்கத்துல அம்மா நிக்கிறாங்களேனு, "தூசி விழுந்துச்சு டாக்டர்"னு அளக்காதீங்க. "லென்ஸோட தூங்கிட்டேன்"னு உள்ளதைச் சொல்லிடுங்க. திட்டு கிடைக்கும். மருந்தும் சரியாக் கிடைக்கும்.

அடுத்த ட்ரிப்புக்கு ஹாஸ்டல்லயே கழட்டி டப்பாவுல போட்டுட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு ஏறுங்க. 'சோடாபுட்டி'னு எதிர் சீட்டுப் பொண்ணு சிரிச்சா, அவங்க ஹேண்ட்பேக்ல லென்ஸ் டப்பா இருக்கானு மட்டும் கேட்டுப் பாருங்க!