உப்பிலிருந்து குளோரீன்

உப்புநீர் நீச்சல் தடாகத்திலே குளோரீன் இல்லையென்று எண்ணுவோர் பலர். இரசாயனம் கற்பிப்போரல்லேமாதலின் நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை வேறு. அங்கே குளோரீன் வெளியிலிருந்து இடப்படுவதில்லை; நீரிலேயே ஆக்கப்படுகின்றது.

கடல்நீரில் இலீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு. வீட்டுத் தடாகத்துக்கு மூன்று நான்கு கிராம் போதும். நம் கண்ணீர் இதனினும் உப்பானது! 50,000 இலீற்றர் நீருக்கு 150 முதல் 200 கிலோகிராம் வரை வேண்டும். உப்பு முற்றாகக் கரைந்த பின்னரே மின்னைச் செலுத்தல் வேண்டும்.

கலத்தினுள்ளே தைத்தேனியத் தகடுகள் உள. மின் பாயுங்கால் ஒருபுறம் குளோரீனும் மறுபுறம் ஐதரசனும் பிறக்கின்றன. குளோரீன் கிருமிகளைக் கொன்றபின் மீண்டும் குளோரைட்டாகின்றது. ஆகவே உப்புக் குறைவது சொற்பமே.

இனிப் பொருத்தும் இடம். நீரிறைக்கும் பொறி, வடிகட்டி, வெப்பமாக்கி ஆகிய யாவற்றுக்கும் அப்பால், நீர் தடாகத்துக்குத் திரும்பும் குழாயிலேயே கலம் அமைதல் வேண்டும். வெப்பமாக்கிக்கு முன் அமைப்பின் செறிந்த குளோரீன் அதன் உலோகத்தை அரிக்கும். இதனினும் அஞ்சத்தக்கது ஐதரசன். நீரோட்டம் நின்றும் மின் நில்லாதாயின் அவ்வாயு குழாயினுள்ளே தேங்கும். தீப்பொறி படின் வெடிக்கும். ஆதலின், ஓட்டம் நின்றவுடன் மின்னைத் துண்டிக்கும் ஆளியைச் சிக்கனங் கருதி எவரும் விலக்கலாகாது. மின்னிணைப்பும் புவித்தொடுப்பும் தேர்ந்த மின்வினைஞர்க்கே உரியன.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலக் கிணறுகளின் வன்னீரை நிரப்பின், தகடுகளில் வெண்படிவு விரைந்தேறும். கருவிகள் சில மின்னோட்டத் திசையை இடையிடையே மாற்றி அதனை உதிர்க்கும். எஞ்சியதை ஐதான அமிலத்தாற் கழுவுவர்.