நண்பகலில் நரம்பிசை

இலண்டன் மாநகரத்து டிரபால்கர் சதுக்கத்தின் ஓரத்தில் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் நிற்கிறது. ஜேம்ஸ் கிப்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1726-இல் கட்டி முடிக்கப்பெற்றது. அங்கும், அந்நகரின் வேறு பல தேவாலயங்களிலும், நண்பகல் ஒரு மணியளவில் இசை நிகழ்ச்சி நடத்துவது நெடுநாள் வழக்கம். பல இடங்களில் அனுமதிச் சீட்டு இல்லை. எம்மதத்தினரும் உள்ளே சென்று அமரலாம். வாயிலில் ஒரு தட்டு இருக்கும். விரும்பியவர் விரும்பியதை இடலாம்.

இவ்வழக்கம் வலுப்பெறப் போரும் ஒரு காரணம். 1939-இல் போர் மூண்டதும் இரவில் நகரெங்கும் விளக்கணைப்பு. இசை மண்டபங்கள் மூடப்பட்டன. தேவாலயத்துக்கு அருகிலுள்ள தேசிய ஓவியக் கூடத்தின் படங்கள் பத்திரமான இடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தன. வெறுஞ்சுவர்களுக்கு நடுவே மைரா ஹெஸ் என்ற பியானோக் கலைஞர் நண்பகல் கச்சேரிகளைத் தொடங்கினார். கட்டணம் ஒரு ஷில்லிங். ஆறரை ஆண்டுகள் அவை நடைபெற்றன.

இத்தகைய மேடைகளுக்குக் கிதார் மிகவும் பொருந்தும். அது அடக்கமான வாத்தியம். மீட்டிய ஸ்வரம் உடனே தேயத் தொடங்கிவிடும். கற்சுவர்களும் உயர்ந்த கூரையும் அதைத் தாங்கிச் சற்று நீட்டிக் கொடுக்கின்றன. ஆனால் விரைவான பகுதிகளில் அதே எதிரொலி ஸ்வரங்களைக் குழப்பிவிடும். ஆதலால் தேர்ந்த கலைஞர் கூடத்தின் குணமறிந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார். முன்பு மிருகக் குடலால் திரித்த நரம்புகளே கிதாருக்கு இருந்தன. போர்க்காலத்தில் அவை காயம் தைக்கத் தேவைப்பட்டதால் தட்டுப்பாடு நேர்ந்தது. பின்னர் நைலான் நரம்பு வந்தது.

நம் விழாக்களை நினைத்துப் பார்க்கிறேன். வீணைக் கச்சேரிக்கும் தெருக்கோடி வரை கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டினால்தான் நமக்குத் திருப்தி! வீணையின் கமகம் அந்த இரைச்சலில் என்னாகும் என்று கேட்பாரில்லை. ஒலி குறைந்தால் சபை தானாகவே அடங்குகிறது. இருமல் வந்தவரும் ஸ்வரம் தேயும்வரை பொறுத்திருக்கிறார்.

இலவசம் என்பது கேட்பவருக்குத்தான். வாசிப்பவர் பல்லாண்டுப் பயிற்சியையும், அன்றைய பயணச் செலவையும் தம் பங்காகக் கொடுத்துவிட்டே மேடையேறுகிறார். பெயர் பெறாத இளைஞர்களுக்கு இம்மேடை பெரும் வாய்ப்பு என்பது உண்மையே. அதற்காகத் தட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது அழகன்று.

தேவாலயத்துக்குக் கிதார் புதிதும் அன்று. 1818-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, ஆஸ்திரியாவில் ஓபர்ண்டார்ப் என்ற சிற்றூர்க் கோயிலில், இன்று உலகறிந்த ‘சைலன்ட் நைட்’ பாடல் கிதார் துணையுடன் முதன்முதலாகப் பாடப்பெற்றது.

பராகுவே நாட்டு மேதை பாரியோஸ் 1921-இல் ‘லா கத்தெட்ரல்’ என்ற கிதார் இசையை இயற்றினார். மான்டிவிடியோ நகரத் தேவாலயத்தில் பாக் என்பாரின் இசையைக் கேட்ட அனுபவமே அதற்கு வித்து என்பர். நிறுத்தி நிறுத்தி ஒலிக்கும் கனத்த ஸ்வரக் கூட்டங்கள் தேவாலயத்தின் உள்ளே. பிறகு ஓட்டமாய் ஓடும் இறுதிப் பகுதி வெளியே, தெருவின் சந்தடி. இரண்டு மணிக்கு அலுவலகம் திரும்ப வேண்டியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு வேறெது?