வாய் பிளக்கும் மீன்கள்

கோடைக்கால ஞாயிறொன்றில், பொழுது புலருமுன் மாடம்பாக்கம் ஏரி போன்ற ஒரு புறநகர் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்தில் எண்ணற்ற வாய்கள் திறந்து மூடுகின்றன. ஆவலோடு மண்புழுவைக் கோத்துப் போடுகிறீர்கள். தக்கை அசையவே இல்லை! இத்தனை மீன்கள் கண்ணெதிரே இருந்தும் ஒன்றுகூட இரையைத் தொடாதது ஏன்?

உடன் வந்த பிள்ளைகளின் கூச்சலையோ நாயின் குரைப்பையோ குறை சொல்லாதீர்கள். காற்றில் வரும் ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழையும். மற்றது மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். (கரையில் தொம்மென்று குதித்தால் அது வேறு கதை.) உண்மைக் காரணம் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன்.

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 10 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் அதிகம் போனால் 11 மில்லிகிராம் கரையும். நம் ஊர் 30 டிகிரி நீரிலோ ஏழரைதான்.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஏரிகளில் கோக்கனி என்ற மீன் உண்டு. கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும் சால்மன் வகை அது. அங்கே குடும்பத்தோடு, நாயையும் ஏற்றிக்கொண்டு, படகை மெல்லச் செலுத்தித் தூண்டிலைப் பின்னால் இழுத்துச் செல்வார்கள். கோடையில் மேல்நீர் சூடேறியதும் கோக்கனி கீழேயுள்ள குளிர்ந்த அடுக்குக்கு இறங்கிவிடும். எனவே ஈயக்குண்டு கட்டித் தூண்டிலைப் பல மீட்டர் இறக்குவார்கள். ஆழமான, தெளிந்த அந்த ஏரிகளின் அடியில் குளிர்ச்சியும் உண்டு, ஆக்சிஜனும் உண்டு.

நம் மீனுக்கு அந்த வசதி இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழமே 24 அடிதான். சிற்றேரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆழமில்லாத நீரில் அடுக்கு உண்டாகாது என்று எண்ணிவிடாதீர்கள். 10 டிகிரி நீரை 1 டிகிரி சூடாக்கினால், லிட்டருக்கு 0.1 கிராம் அளவே எடை குறைகிறது. 30 டிகிரி நீரிலோ 0.3 கிராம் குறைகிறது. ஆகவே வெப்பநாட்டு ஏரியில் இரண்டு டிகிரி வேறுபாடே போதும். காற்றில்லாத பிற்பகலில் மேல்நீர் கீழ்நீரோடு கலவாமல் மிதக்கும். அடியில் வெளிச்சமில்லை, சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் இருக்கிற ஆக்சிஜனையும் தின்று தீர்க்கின்றன. இரவில் மேல்நீர் குளிர்ந்து இறங்க, அந்த வறண்ட நீர் மேலே வருகிறது. பகலில் ஆக்சிஜன் தந்த பாசியும் இருட்டில் சுவாசிக்க மட்டுமே செய்யும். ஆகவே சூரியன் எழுமுன்தான் இருப்பு மிகக் குறைவு. செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளைப் பற்றிப் பேசப்பட்டு வந்ததுபோலக் கழிவுநீரும் சேர்ந்தால் பாசி பெருகும். பகலில் பச்சைப்பசேலென்று செழிப்பாகத் தெரியும் ஏரியே விடியற்காலையில் மூச்சுத் திணறுகிறது.

காற்றைத் தொடும் மெல்லிய மேற்படலத்தில் மட்டும் சிறிது ஆக்சிஜன் இருக்கும். நீங்கள் கண்ட கெண்டைகள் அதைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தன. இரையைச் செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். மூச்சுக்கே பஞ்சம் என்றால் தீனி எதற்கு?

விரால் இதற்கு விலக்கு. அது காற்றையே நேராகச் சுவாசிக்கும். ‘களுக்’கென்று ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு உடனே இறங்கிவிடும். கெண்டையைப் போல வாயைப் பிளந்தபடி மேலேயே கிடக்காது.

இந்த வேறுபாடு பயனுள்ளது. புழுக்கமான நாட்களுக்குப் பின் திடீரென்று கோடைமழை கொட்டினால், குளிர்ந்த மழைநீர் இறங்கி அடிநீரைக் கிளப்பிவிடும். மறுநாள் மீன்கள் செத்து மிதக்கும். "யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்" என்று பேச்சுக் கிளம்பும். அப்போது விராலைத் தேடுங்கள். கெண்டை மட்டும் செத்து விரால் பிழைத்திருந்தால் பெரும்பாலும் மூச்சுத்திணறல்தான். விராலும் மிதந்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். எதுவானாலும் நீர் மாதிரியை வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். நண்பகலுக்குள் பாசி மறுபடி ஆக்சிஜனை நிரப்பிவிடும். சோதித்தால் நீர் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும்.