வல்லரசுகளிடையே கிரீக் மக்கள்

படைவலிமையில் மிக்க அரசுகள் பல சூழ்ந்து நிற்க, அவற்றுள் எதற்கும் ஈடாகாத ஒரு சிறு சமுதாயம் தன் நிலத்தைக் காத்துக்கொள்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு வட அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த கிரீக் பழங்குடியினர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் செயலால் விடை கூறினர். அவர்கள் கண்ட வழி யாது, அது எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கிரீக் என்பது ஆங்கிலேயர் இட்ட பெயர். அவர்கள் மொழியில் அச்சொல் ஓடையைக் குறிக்கும். ஓர் ஓடைக் கரையில் குடியிருந்த பிரிவினருக்கு இட்ட பெயர் நாளடைவில் எல்லோருக்கும் ஆயிற்று. அம்மக்களோ தம்மை மஸ்கோகீ என்றே கூறிக்கொள்வர். இன்றைய ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களின் ஆற்றங்கரைகளில் அவர்களுடைய ஊர்கள் இருந்தன. அனைவரையும் ஆளும் மன்னன் எவனும் இல்லை. ஊர்தோறும் மீக்கோ எனப்படும் தலைவரும், அவரைச் சூழ்ந்த மன்றமும் உண்டு. பேசிப் பேசி ஒருமனப்படுவதே மன்றத்தின் முறை. ஓர் ஊர் ஒப்பியது மற்றோர் ஊரைக் கட்டுப்படுத்தாது. குலமோ தாய்வழியே வந்தது. தந்தை எவராயினும், தாயின் குலமே பிள்ளையின் குலம். இவ்விரு செய்திகளையும் நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களைச் சுற்றி மூன்று ஐரோப்பிய அரசுகள் இடம் பிடித்திருந்தன. கிழக்கே சார்ல்ஸ்டன் நகரில் ஆங்கிலேயர். தெற்கே செயின்ட் அகஸ்டீனிலும் பென்சகோலாவிலும் ஸ்பானியர். தென்மேற்கே மொபைல் துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர். ஐரோப்பியருக்கு மான்தோல் வேண்டியிருந்தது. கிரீக் மக்களுக்குத் துப்பாக்கி, வெடிமருந்து, துணி, இரும்புக் கலங்கள் ஆகியவை வேண்டியிருந்தன. 1715இல் ஆங்கிலேயரோடு மூண்ட யமாசிப் போருக்குப் பின், கவெட்டா ஊர்த் தலைவர் பிரிம்ஸ் காலத்தில், அவர்கள் ஒரு கொள்கையைக் கைக்கொண்டனர். மூவரோடும் வாணிகம் செய்வது. மூவரில் எவருடைய போரிலும் சேராதிருப்பது. ஆங்கிலேயரோடு சமாதானம் பேசிக்கொண்டே, 1717இல் தம் நாட்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர் டூலூஸ் கோட்டையைக் கட்டவும் இசைந்தனர். ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவரிடம் செல்லலாம். ஒருவர் மிரட்டினால் மற்றவரைக் காட்டலாம்.

ஏழாண்டுப் போரின் முடிவு இந்தச் சமநிலையைக் குலைத்தது. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தர வகை செய்த அதே 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, அமெரிக்காவில் அவர்களுடைய ஆட்சியை ஏறக்குறைய முடித்துவிட்டது. புளோரிடாவும் ஸ்பெயினிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இருபதாண்டுகள் கழித்து ஆங்கிலேயரே தோற்றனர். 1783இல் புளோரிடா மீண்டும் ஸ்பெயினுக்குச் சென்றது. அதற்கு வடக்கே, மிசிசிபி ஆறு வரையுள்ள நிலம் புதிய அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு என்று ஏட்டில் எழுதப்பட்டது. அந்நிலத்தில் வாழ்ந்த கிரீக் மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்நெருக்கடியில் தலைமை தாங்கியவர் அலெக்சாண்டர் மக்கில்லிவ்ரே. தந்தை ஸ்காத்லாந்து வணிகர். தாய் காற்றுக் குலத்தைச் சேர்ந்த கிரீக் பெண்மணி. ஆகவே குல முறைப்படி அவர் முழுமையான கிரீக். சார்ல்ஸ்டனில் கல்வி பயின்றவராதலின் ஆங்கிலத்தில் திறம்படக் கடிதம் எழுத வல்லவர். தந்தை ஆங்கில மன்னரின் கட்சியில் நின்றமையால் குடும்பச் சொத்தை ஜார்ஜியா பறிமுதல் செய்திருந்தது. அந்த வடு அவர் நெஞ்சில் ஆறவில்லை.

1783இல் ஜார்ஜியா மாநிலத்தார் அகஸ்டா நகரில் ஓர் உடன்படிக்கையைப் பெற்றனர். ஓகீச்சி, ஓகோனி ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தை விட்டுக்கொடுத்த அந்த ஏட்டுக்கு இசைந்த முதன்மையான தலைவர்கள் இருவரே. எல்லா ஊர்களுக்கும் பொதுவான நிலத்தை இரு தலைவர்கள் எவ்வாறு விற்க இயலும்? இவ்வாதத்தையே மக்கில்லிவ்ரே பற்றுக்கோடாகக் கொண்டார். 1784 ஜூன் மாதம் பென்சகோலாவில் ஸ்பெயினோடு உடன்படிக்கை செய்து, அதன் பாதுகாப்பையும் வாணிகத்தையும் பெற்றார். பான்டன், லெஸ்லி என்னும் வணிகக் குழுவினர் ஆங்கிலச் சரக்குகளை ஸ்பானியக் கொடியின் கீழ்க் கொணர்ந்தனர். வெடிமருந்து கிடைத்தது, 1786, 1787 ஆண்டுகளில் ஓகோனி எல்லைக் குடியேற்றங்கள் தாக்கப்பட்டன. ஆனால், போர் முற்றுவதை விரும்பாத ஸ்பெயின் 1788இல் படைக்கல உதவியைக் குறைத்தது. ஒரே துணையை நம்பியிருப்பதன் தீங்கு அப்போது புலனாயிற்று.

அமெரிக்கத் தரப்பிலும் நிலைமை மாறியது. புதிய அரசியல் சட்டப்படி 1789இல் வாஷிங்டன் குடியரசுத் தலைவரானார். கருவூலத்தில் பணம் இல்லை. படையோ மிகச் சிறியது. கிரீக் மக்களோடு போர் நேர்ந்தால் ஸ்பெயினும் உடன் வரக்கூடும் என்பது போர்த்துறைச் செயலாளர் நாக்ஸின் கவலை. போரைவிட உடன்படிக்கை மலிவானது, நீதிக்கும் ஏற்றது என அவர் கருதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் தென்பகுதிப் பழங்குடியினர் பற்றிக் கலந்தறிய வாஷிங்டன் தாமே செனட் சபைக்குச் சென்றார். உறுப்பினர்கள் அவர் முன்னிலையில் உடனே கருத்துக் கூறத் தயங்கிக் காலம் கேட்டனர். அவர் சினத்தோடு வெளியேறினார். இரண்டு நாள் கழித்து அவர் மீண்டும் வந்து அலுவலை முடித்தார் எனினும், தலைவர் நேரிற் சென்று செனட்டிடம் உடன்படிக்கைக்கு ஆலோசனை கேட்கும் வழக்கம் அத்தோடு நின்றது. அமெரிக்க ஆட்சிமுறையின் ஒரு மரபு இவ்வாறு கிரீக் விவகாரத்தில் உருவாயிற்று.

அவ்வாண்டு ஓகோனிக் கரையில் நடந்த பேச்சு முறிந்தது. அடுத்த ஆண்டு வாஷிங்டன் கர்னல் வில்லெட் என்பவரை அனுப்பி, மக்கில்லிவ்ரேயை நியூயார்க் நகருக்கே அழைத்தார். அந்நகரமே அப்போது தலைநகர். வட பசிபிக் கரையைப் பற்றி இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூளும் என்ற பேச்சு எழுந்திருந்த நேரம் அது. போர் வந்தால் பென்சகோலா வாணிகம் நின்றுபோகலாம். எனவே மற்றொரு வாயிலைத் திறந்து வைப்பது அறிவுடைமை என்று மக்கில்லிவ்ரே துணிந்தார். 1790 ஜூலையில் கிரீக் தலைவர்கள் புடைசூழ அவர் நியூயார்க் சேர்ந்தபோது நகரம் விழாக்கோலம் பூண்டது. ஸ்பெயினின் ஆள் ஒருவரும் இங்கிலாந்தின் ஆள் ஒருவரும் அங்கேயே இருந்து, நடப்பவற்றைக் கூர்ந்து நோக்கி வந்தனர்.

ஆகஸ்ட் 7ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஓகோனிக்குக் கிழக்கேயுள்ள நிலம் விடப்பட்டது. அதற்கு ஆண்டுதோறும் 1,500 டாலர். மேற்கேயுள்ள கிரீக் நிலத்துக்கு ஐக்கிய நாடுகள் உறுதியளித்தன. அங்கே அத்துமீறிக் குடியேறும் அமெரிக்கனுக்கு அரசின் பாதுகாப்பு இல்லை. அவனைக் கிரீக் மக்களே தண்டிக்கலாம். இவற்றோடு இரகசிய விதிகளும் இருந்தன. போரினால் வாணிகம் தடைப்பட்டால், ஆண்டுக்கு 60,000 டாலர் மதிப்புள்ள சரக்கைச் சுங்கமின்றிக் கொணரலாம். மக்கில்லிவ்ரேக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவியும் ஆண்டுக்கு 1,200 டாலரும் உண்டு. ஸ்பெயினிடம் ஏற்கெனவே ஊதியம் பெற்று வந்தவர், இப்போது இரு தரப்பிலும் ஊதியம் பெறுபவரானார்.

இதை வஞ்சகம் என்று கூறினோர் உண்டு. நாம் பயனையும் நோக்கவேண்டும். இழந்தது, ஜார்ஜியர் ஏற்கெனவே குடியேறத் தொடங்கிவிட்ட நிலம். பெற்றது, எஞ்சிய நாட்டுக்கு ஒரு கூட்டரசின் உறுதிமொழி. ஆயினும் குறை இருந்தது. ஊர்கள் பலவற்றில் உடன்படிக்கைக்கு எதிர்ப்பு எழுந்தது. ஜார்ஜியர் சீறினர். எல்லைக் கோடு அளக்கப்படவில்லை. குடியேறுவோரைத் தடுக்கும் வலிமையும் கூட்டரசுக்கு இல்லை. 1792இல் ஸ்பெயின் ஊதியத்தை 3,500 டாலராக உயர்த்தவே, மக்கில்லிவ்ரே மீண்டும் அப்பக்கம் சாய்ந்தார். 1793 பிப்ரவரியில் பென்சகோலாவில் அவர் மறைந்தார். அவர் இடத்தை நிரப்ப எவரும் இலர்.

அவருக்குப் பின் போட்டியே மறைந்தது. 1795இல் ஸ்பெயின், 31ஆம் அட்சரேகைக்கு வடக்கே தனக்கு உரிமையில்லை என ஒப்பி விலகியது. 1813இல் கிரீக் மக்களுக்குள்ளேயே பூசல் மூண்டு, அமெரிக்கப் படையும் அதில் புகுந்தது. 1814 மார்ச் மாதம் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்னுமிடத்தில் ஜாக்சன் வென்றார். தொடர்ந்து வந்த ஜாக்சன் கோட்டை உடன்படிக்கை 2 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பறித்தது. ஜாக்சனோடு தோள் நின்று போரிட்ட கிரீக் பிரிவினரின் நிலமும் அதில் அடங்கும். 1821இல் புளோரிடாவும் அமெரிக்கர் வசமாயிற்று. இனி முறையிட அண்டையில் வேறோர் அரசு இல்லை. 1830களில் கிரீக் மக்கள் மிசிசிபிக்கு அப்பால், இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டனர். வழியில் மாண்டோர் பலர்.

வல்லரசுகள் தம்முள் போட்டியிடும்வரை சிறு நாட்டின் சொல்லுக்கு விலை உண்டு. போட்டி ஓய்ந்தபின் அவ்விலை வீழ்ந்துவிடுகிறது. இதுவே கிரீக் வரலாறு காட்டும் உண்மை. எனினும் ஏட்டில் எழுதியவை முற்றும் வீணாகிவிடவில்லை. துரத்தியபோது மேற்கே புதிய நிலத்தை உறுதிசெய்து 1832, 1833 ஆண்டுகளில் உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. 2020 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவற்றை எடுத்து ஆராய்ந்தது. அந்நிலத்தின் தகுதியைக் காங்கிரஸ் சபை ஒருபோதும் நீக்கவில்லை. ஆகவே குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை அது இன்றும் கிரீக் மக்களின் ஒதுக்கு நிலமே எனத் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக அமைந்த தீர்ப்பு அது. மன்றங்களில் பேசிப் பேசி முடிவெடுத்துப் பழகிய அம்மக்கள், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பொறுத்திருந்து, தமக்கு எழுதித் தந்த சொல்லை வழக்குமன்றத்தில் நிலைநாட்டிக்கொண்டனர்.